இரவில் மட்டும் இருமும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. ஐந்து வாரங்களாக இரவில் இருமிக்கொண்டே இருக்கிறான். பகலில் ஓடியாடி விளையாடுகிறான். இருமல் மருந்தை இருமுறை மாற்றியும் பயனில்லை. இது ஆஸ்துமாவா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: இருமல் இரவில் வருகிறது என்பதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று சொல்லிவிட முடியாது. மூக்கடைப்பும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதையின் வீக்கமும்கூடப் படுத்தவுடன் இருமலைக் கிளப்பும். அடுத்தடுத்துச் சளி பிடித்து, முதல் இருமல் அடங்குமுன் இரண்டாவது தொடங்குவதும் இந்த வயதில் சகஜம். எனினும் 4 வாரங்களைத் தாண்டிய இருமலை நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும். எக்ஸ்ரேயும் அப்போது தேவைப்படும்.

நான் முதலில் கேட்பது, இருமல் எப்படித் தொடங்கியது என்பதைத்தான். சளி, காய்ச்சலைத் தொடர்ந்து வந்ததா, அல்லது எதையோ வாயில் போட்டு விளையாடும்போது புரையேறி, அன்றிலிருந்து நிற்காமல் இருக்கிறதா? குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவரிடமும் இதை விசாரியுங்கள், ஏனெனில் புரையேறிய அந்த ஒரு நிமிடம் பெற்றோர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலைத் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பதே முறை.

அடுத்தது, இருமலின் ஓசை. இந்த வயதுக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும் என்பதால் இங்கே கண்ணைவிடக் காதே உதவும். கரகரவென்று சளி உருளும் இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், மூச்சுக்குழாயில் பாக்டீரியா தொற்று தங்கியிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் 2 வார ஆன்டிபயாடிக் தேவைப்படும். வறட்டு இருமலோடு வீசிங்கும், குடும்பத்தில் ஆஸ்துமாவும் இருந்தால்தான் உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. இரண்டு வயதில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை இயலாது; எனவே மருத்துவர் சில வாரங்கள் இன்ஹேலர் கொடுத்து, பிறகு நிறுத்தி, இருமல் திரும்புகிறதா என்று பார்ப்பார். தானாகவே அடங்கவிருந்த இருமலுக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்ளாமல் இருக்கவே இந்த நிறுத்தம்.

இருமல் சிரப்புகளை நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் அவற்றால் பலன் குறைவு, தீங்கு அதிகம். இன்றிரவு இருமும்போது கைபேசியில் பதிவுசெய்துகொண்டு, அவன் அயர்ந்து தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை 40-ஐத் தொட்டாலோ, விலா இடுக்குகள் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.