பூக்காத பிரம்ம கமலமும் மாதாமாதம் வைத்த தொழுவுரமும்

கேள்வி: அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். வீட்டு மாடிப்படிக்குக் கீழே பெரிய சிமெண்ட் தொட்டியில் மூன்று வருடமாக ஒரு பிரம்ம கமலம் நிற்கிறது. மாதாமாதம் தொழுவுரம் வைக்கிறேன், தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. பழைய இலைகளைக் கழித்துவிட்டும் பார்த்தாயிற்று. இது பூத்தால் வீட்டுக்கு நல்லது, பூக்காவிட்டால் ஏதோ குறை என்று மாமியார் வருத்தப்படுகிறார். பூ வந்தால் இன்னும் பத்துத் தொட்டி போட்டு விற்கலாமா என்றும் யோசனை.

பதில்: வீட்டில் குறை ஒன்றுமில்லை என்று மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். செடிக்குத்தான் எல்லாம் அதிகமாகிவிட்டது. மல்லிகைக்குச் செய்யும் பண்டுவத்தை இதற்கும் செய்திருக்கிறீர்கள். ஆனால் இது கள்ளிக் குடும்பம். முள் இல்லாததால் யாரும் நம்புவதில்லை.

இதன் பூர்வீகம் தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காடுகள். அங்கே பெரிய மரங்களின் கவட்டில் தேங்கிய கொஞ்சம் மக்கிய சருகில் வேர்விட்டுத் தொற்றி வளரும். மழை பெய்தால் நனையும், உடனே வடிந்துவிடும். மரக்கிளைகளுக்கு நடுவே சல்லடை போட்டதுபோல் வெயில் வரும். உங்கள் தொட்டியில் இதில் எதுவுமே இல்லை. படிக்கட்டு நிழல், தினசரி ஈரம், மண் நிறையத் தழைச்சத்து. அந்த வசதியில் அது நீளநீளமாகக் குச்சி விடுமே தவிர, பூக்க வேண்டிய அவசியமே அதற்கு வராது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்திருக்கிறது. நீங்கள் கழித்த ‘இலை’ இலையே அல்ல. அது தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் அலை அலையாக வெட்டு இருக்கிறதல்லவா, மொட்டு வருவது அங்கிருந்துதான். அதுவும் நன்றாக முற்றிய தண்டில்தான் வரும். பூக்கத் தயாரான தண்டையெல்லாம் நீங்களே வெட்டிப் போட்டுவிட்டீர்கள். இனி அழுகியதையும் காய்ந்ததையும் தவிர எதிலும் கத்தி வைக்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தொட்டியைக் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் தண்டு மஞ்சளாகி வெந்துவிடும். செடியைப் பெயர்த்து, வேர்க்கட்டியைவிடச் சற்றே பெரிய தொட்டியில் வையுங்கள். வேர் கொஞ்சம் நெருக்கப்பட்டால் இது நன்றாகப் பூக்கும். செம்மண், தென்னைநார்க் கழிவு, பருமணல் மூன்றும் சமமாக, கூடவே இரண்டு கை கரித்துண்டு, மக்கிய உரம் ஒரு கை போதும். மேல் மண் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இன்னும் குறைத்து, செடி வாடாத அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அந்த ஓய்வு வேண்டும். தொழுவுரத்தை இந்த வருடம் மறந்துவிடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு சாம்பல் சத்து கூடுதலாக உள்ள உரம் மாதம் ஒருமுறை, கொஞ்சமாக. தண்டு இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

வெட்டியது வெட்டியதுதான். புதுத் தண்டு முற்ற வேண்டும் என்பதால் அடுத்த பருவத்திலேயே பூ வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நம் பக்கம் பெரும்பாலும் ஜூனிலிருந்து மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும். மொட்டு கண்ணில் பட்டதும் தொட்டியை நகர்த்தவோ திருப்பவோ கூடாது, காயவும் விடக்கூடாது. மொட்டு உதிர்வதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். மூன்று நான்கு வாரத்தில், தொங்கிய மொட்டின் கழுத்து வளைந்து நுனி மேலே பார்க்கும். பருத்து வெளுத்துவிட்டால் அன்றோ மறுநாளோ ராத்திரி விரியும். வாசனை வாசல்வரை வரும். விடிந்தால் துவண்டுவிடும். வருடத்தில் சில ராத்திரி மட்டுமே கிடைக்கிற பூவை அதிர்ஷ்டம் என்று சொன்னதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை, அப்படியொரு பூதான் அது.

அப்புறம் விற்பனை. ஒரு ராத்திரியில் முடியும் பூவைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை, செடியாகத்தான் விற்க முடியும். முற்றிய தட்டைத் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு வாரம் நிழலில் போட்டு, தலைகீழாகாமல் இரண்டு அங்குலம் ஊன்றினால் சுலபமாக வேர்பிடிக்கும். ஆனால் உங்கள் தாய்ச்செடி முதலில் பூக்கட்டும். இப்போது அதிலிருந்து துண்டு எடுத்தால் பூவை மறுபடியும் தள்ளிப்போடுகிறீர்கள்.

விற்கும்போது பெயரையும் சரியாகச் சொல்லுங்கள். கேதார்நாத், பத்ரிநாத்தில் சாமிக்குச் சாத்தும் பிரம்ம கமலம் வேறு. அது சூரியகாந்திக் குடும்பம், இமயமலையில் 3,000 மீட்டருக்கும் மேலே வளர்வது, உத்தராகண்டின் மாநில மலர். நம் சமவெளியில் அது வராது. உங்களிடம் இருப்பதைக் கேரளத்தில் நிஷாகந்தி என்பார்கள். தொட்டியில் அந்தப் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டால், ‘இமயமலைச் செடி என்று ஏமாற்றிவிட்டீர்களே’ என்று யாரும் திரும்பி வரமாட்டார்கள்.