எந்த ரகம் போடலாம்? நெல், காய், பழம்: கேள்வி பதில்

என் பணிக்காலம் முழுவதும் நெல் ரகம் உருவாக்கும் வேலையில்தான் கழிந்தது. காய்கறி, பழப் பயிர்களில் பக்கத்துத் திடலில் நடந்ததைப் பார்த்துக் கற்றது கொஞ்சம் உண்டு. அந்த எல்லைக்குள் கேளுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): சம்பாவுக்கு அதிக மகசூல் தரும் ரகம் எது?

முதலில் நிலத்தைச் சொல்லுங்கள். பள்ளக்காலா, மேடா? ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? இது தெரியாமல் நான் ரகத்தின் பெயரைச் சொன்னால் அது உங்களுக்கு உதவாது.

பள்ளமான நிலம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சி.ஆர். 1009 சப் 1 பாருங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் நீண்ட கால நெல். சாதாரண நெற்பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் மேலே எட்டிப் பார்க்க அவசரமாக நீளும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப் 1 மரபணு உள்ள பயிர் நீளாமல் சத்தைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் வடிந்தபின் புதுக் குருத்து விடும். ஆனால் இது இளம்பயிருக்குத்தான். பூக்கும் நேரத்தில் வெள்ளம் வந்தால் இந்த ரகமும் தாங்காது.

விதை வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். வெள்ளைச் சீட்டு ஆதார விதை, அதிலிருந்து பெருக்கிய சான்று விதைக்கு நீலச் சீட்டு. அறுவடை முடியும்வரை அந்தச் சீட்டையும் ஒரு கை விதையையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி (சேலம், மாடித்தோட்டம்): கடையில் வாங்கிய வீரிய ஒட்டுத் தக்காளி நன்றாகக் காய்த்தது. அதில் விதை எடுத்துப் போட்டேன். செடிக்குச் செடி காய் வேறு மாதிரி வருகிறது. என்ன தவறு?

உங்கள் தவறு எதுவும் இல்லை. வீரிய ஒட்டு என்பது இரண்டு பெற்றோரைச் சேர்த்த முதல் தலைமுறை. அதன் விதையில் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வெளிவரும். விதை எடுத்து வைக்க விரும்பினால் ஒட்டு அல்லாத, குணம் மாறாத ரகமாகப் போடுங்கள். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 தக்காளி நல்லது. அன்னஞ்சி நாட்டுத் தக்காளியில் செயற்கையாக மாறுதலைத் தூண்டி உருவாக்கியது அது. ஆண்டுதோறும் உங்கள் விதையையே போடலாம்.

கேள்வி (திண்டுக்கல்): இருபது பப்பாளி வைத்தேன். பாதிக்கு மேல் ஆண் மரம். கன்றிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

கண்ணால் முடியாது. பூக்க வேண்டும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி பெரிய பூவாக நின்றால் பெண். கோ 2 போன்ற ரகத்தில் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைத்து, பூத்தபின் ஒன்றை விட்டு மற்றதை வெட்டுவதுதான் வழி. பதினைந்து இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் போதும். கோ 7 வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதில் பெண்ணும் இருபால் மரமும்தான் வரும்.

கேள்வி (ஈரோடு): ஏக்கருக்கு யூரியா எவ்வளவு?

மண் பரிசோதனை அட்டை சொல்லும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): குறுவைக்கு அதிக மகசூல் தரும் ரகம் எது?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். குறுவைக்குக் கோ 51 நல்ல ரகம், 105 முதல் 110 நாள். விதைச் சீட்டை மறக்காதீர்கள்.

கேள்வி (திருவாரூர்): பொன்னி எங்கள் காவிரியின் பெயர் கொண்ட பாரம்பரிய நெல். மாப்பிள்ளை சம்பா, கிச்சிலி சம்பா எல்லாவற்றையும் ஓரம்கட்டியது உங்களைப் போன்ற ஆராய்ச்சியாளர்கள்தானே?

பொன்னியின் பெயர்தான் நம்முடையது, பிறப்பு மலேசியாவில். கட்டாக்கில் தொடங்கிய இந்திய, ஜப்பானிய நெல் கலப்புத் திட்டத்தில் தைவானின் தைச்சுங் 65-ஐயும் மலாய் நாட்டின் மாயாங் எபோசையும் சேர்த்துப் பிறந்தது மசூரி. அது இங்கே வந்து பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்வு செய்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளியானது.

கிச்சிலி சம்பாவுக்கு வருவோம். கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. கோணமணி என்ற பழைய நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாறுபாட்டைப் பிரித்து, 1921-இல் ஜி.இ.பி. 24 என்று கொடுத்தார்கள். கிச்சிலி சம்பா என்று பரவியது அதுதான். இன்று பாரம்பரிய அரிசிக் கடையில் நீங்கள் வாங்கும் கிச்சிலியும் ஆராய்ச்சித் திடலைப் பார்த்துவிட்டு வந்ததே.

கேள்வி (நாகப்பட்டினம்): திருவாரூர்க்காரர் கேட்டது நியாயம். ஐ.ஆர். 8 வந்தபின் எங்கள் தாத்தா வைத்திருந்த ஏழெட்டு நெல்லும் போய்விட்டது. அதற்கு என்ன பதில்?

போனது உண்மை. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. 1966-இல் வந்த ஐ.ஆர். 8-இன் குட்டைக் குணம் தைவானின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. பழைய நெல்லெல்லாம் மார்பளவு வளரும். தழைச்சத்து கொஞ்சம் கூடினாலும் கதிர் கனத்தில் படுத்துவிடும். அன்றைய பஞ்சத்தில் விவசாயி எதை எடுப்பார்? அப்போது பழைய விதைகளை ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அது போதுமான அளவு நடக்கவில்லை. நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்தது எங்கள் துறைக்கும் செய்த பெரிய உதவி.

ஏன் உதவி என்கிறேன் தெரியுமா? சப் 1 மரபணு எங்கிருந்து வந்தது? ஒடிசாவின் வெள்ளக்காட்டில் உழவர்கள் காலங்காலமாகப் போட்டுவந்த நாட்டு நெல்லிலிருந்து. ஆந்திரா பொன்னி என்று நீங்கள் சாப்பிடும் பி.பி.டி. 5204-இன் பெற்றோரில் உங்கள் ஜி.இ.பி. 24 இருக்கிறது. ஐ.ஆர். 20-க்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் கொடுத்த டி.கே.எம். 6-இன் பெற்றோரிலும் அது இருக்கிறது. பி.பி.டி.க்கு இலைக்கருகல் தாங்கும் சக்தி ஏற்றி 2008-இல் ஐதராபாத்தில் மேம்படுத்தினார்கள். அதில் சேர்த்த மூன்று மரபணுக்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லுடையது. நாட்டு விதை அழிந்தால் எங்கள் கையில் எதுவும் இருக்காது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பூக்கப்போகும் கதிரை மாலையில் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று நசுங்கினாலும் அந்தப் பூ வீண். எண்ணெய்த்தாள் உறை மாட்டி, மறுநாள் காலை பத்து மணிவாக்கில் தந்தைப் பயிரின் கதிரை அதன்மேல் மெல்லத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். கிடைப்பது பத்திருபது மணி நெல். அங்கிருந்து ரகமாக வெளிவரப் பத்தாண்டு ஆகும்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அதிக மகசூல் தரும் நெல் எது?

மூன்றாவது முறை. மேலே பாருங்கள்.

கேள்வி (தேனி): முருங்கை எது வைக்கலாம்?

பி.கே.எம். 1, 1989-இல் வந்தது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கை. எப்போதும்வென்றான் ஊர் முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்தது.

கேள்வி (கோவை): மரபணு திருத்திய நெல் வந்துவிட்டதாமே? பி.டி. கத்தரி மாதிரிதானா?

இரண்டும் வேறு. பி.டி. கத்தரியில் பாக்டீரியா மரபணுவை வெளியிலிருந்து சேர்த்தார்கள். 2010-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2025 மே மாதம் அறிவித்த கமலா நெல்லில் சம்பா மசூரியின் (மேலே சொன்ன பி.பி.டி. 5204தான்) சொந்த மரபணுவைத்தான் திருத்தியிருக்கிறார்கள். அந்நிய மரபணு இல்லை. நம் வயல்களில் சில பருவம் பார்க்காமல் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி (விழுப்புரம்): பொன்னி என்று வாங்கிய விதை கலப்படமாக வந்தது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

சீட்டு இருக்கிறதா? இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இதே போல ஒரு வயலுக்குப் போயிருக்கிறேன். மூன்று ஏக்கரில் ஒரு பக்கம் பால் பிடித்திருக்க, நடுநடுவே அப்போதுதான் தொண்டைக்கதிர் தள்ளியது. அந்த அம்மா மூட்டைச் சாக்கை அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார். கையில் ரசீதும் இல்லை. வரப்பில் நின்று அவர் அழுததை மறக்க முடியவில்லை. சீட்டும் ரசீதும் இருந்தால் உடனே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அறுவடைக்கு முன் அவர் வயலைப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி (திருவாரூர், மீண்டும்): சரி ஐயா. அரை ஏக்கர் மாப்பிள்ளை சம்பா வைத்திருக்கிறேன். விதை கலக்காமல் நானே எடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. பக்கத்து நெல்லுக்கும் உங்களுக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி விடுங்கள். பூக்கும்போது ஒரு முறை, முற்றும்போது ஒரு முறை வயலில் இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ மாறி நிற்கும் கலவனை வேரோடு பிடுங்குங்கள். ஓரத்தை விட்டு நடுவயலில் மட்டும் விதைக்கு அறுங்கள். களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடியுங்கள். போன அறுவடை நெல் ஒரு மணிகூட இருக்கக் கூடாது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காயவைத்து, புதுச் சாக்கில் கட்டி, ரகத்தின் பெயரும் அறுத்த தேதியும் எழுதிய சீட்டை ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் வையுங்கள்.