கேளுங்கள், சொல்கிறேன்: கண்ணாடி போடாத த்ரீ-டி

கேள்வி: தியேட்டரில் த்ரீ-டி படத்துக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சாமி படத்தில் கண்ணாடி இல்லாமலே ஆழம் தெரிகிறதே! அதே வித்தையை டிவியில் செய்தால் என்ன?
– வாசகர், தேனி

பதில்: செய்திருக்கிறார்கள். கணக்குதான் உதைக்கிறது.

அந்தச் சாமி படத்தின் மேல் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு நீள லென்ஸ். கல்லூரி ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அதை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். லென்ஸுக்குக் கீழே பல கோணப் படங்கள் கீற்றுக் கீற்றாக அச்சாகியிருக்கும். இடது கண்ணுக்கு ஒரு கீற்று, வலது கண்ணுக்கு வேறொன்று. அதனால்தான் ஆழம். ஆனால் தலையை மேலும் கீழும் அசைத்தால் எந்த மாற்றமும் இருக்காது.

இதைவிடப் பெரிய யோசனை 1908-லேயே வந்துவிட்டது. வண்ணப் புகைப்படத்துக்காக அதே ஆண்டு நோபல் பரிசு வாங்கிய காப்ரியேல் லிப்மான், பாரிஸ் அறிவியல் அகாதமியில் சொன்னது இது: ஈயின் கண்ணைப் போலத் தட்டு முழுக்கக் குட்டி லென்ஸ்களைப் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டிப் படம் விழும். அந்தப் படங்களை அதே லென்ஸ்கள் வழியாகப் பார்த்தால், ஒளி வந்த வழியே திரும்பிப் போய்ப் பொருள் இருந்த இடத்தில் காட்சியை உருவாக்கும். எல்லாத் திசையிலும் எட்டிப் பார்க்கலாம். ஒரே வில்லங்கம், ஆழம் தலைகீழாகிவிடும். மூக்கு குழியாகத் தெரியும். அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1931-ல் அந்தக் காட்சியையே மறுபடி ஒருமுறை படமெடுத்து நேராக்கும் வழி சொன்னார். மைனஸை மைனஸால் பெருக்கிய கதை!

சரி, டிவிக்கு வருவோம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஆய்வாளர்கள் சுமார் 3.3 கோடி புள்ளிகள் கொண்ட படமுறையை எடுத்துக்கொண்டு, முன்னால் 400-க்கு 250 என்று லென்ஸ்களை அடுக்கினார்கள். மொத்தம் 1 லட்சம் லென்ஸ். ஒரு லென்ஸ் தன் பின்னால் உள்ள முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளைத் திசைக்கு ஒன்றாகப் பங்கு போட்டுவிடுகிறது. அதனால் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும் கூர்மை ஏறக்குறைய 1 லட்சம் புள்ளிகள்தான். சாதாரண செல்போன் திரையில்கூட அதைவிட அதிகம். பார்க்கும் கோணமும் சுமார் 24 டிகிரிதான். ஓரமாக உட்கார்ந்த மாமாவுக்குக் காட்சி சட்டென்று தாவிவிடும். கோணத்தைக் கூட்டினால் அதே புள்ளிகளை இன்னும் பரப்ப வேண்டும், ஆழக் காட்சி மங்கும்.

ஒருவர் மட்டும் நேராக உட்கார்ந்து பார்க்கும் சின்னத் திரைக்கு இந்த முறை ஒத்துவரும். கூடத்து டிவிக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், இந்தத் தீபாவளிக்கே சாதாரண டிவி வாங்கிவிடுங்கள்.