அப்பாவின் இடது காது

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அயனாவரத்தில் இருக்கிறோம். தொண்ணூறுகளில் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையில் சத்தியமங்கலம் காட்டில் இருந்தவர். இரண்டு முறை துப்பாக்கிச் சண்டையில் மாட்டி உயிர் தப்பியிருக்கிறார். அதை நாவலாக எழுத ஆசை. ஆனால் எத்தனை பேரைச் சுட்டீர்கள், பயமாக இருந்ததா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். இப்போதெல்லாம் எங்களிடமும் பேச்சு குறைந்துவிட்டது. டிவியை அலறவிடுகிறார். மார்கழியிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துத்தான் தூங்குகிறார். பேத்தி கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை. அவரை எப்படிப் பேச வைப்பது? படிக்க வேண்டிய போலீஸ் நாவல்களையும் சொல்லுங்கள். என்கவுன்டர்களை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

காவலர் வீரவணக்க நாள் முடிந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட 10 காவலர்களின் நினைவாக வந்த நாள் அது. மெரினா எதிரே டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் சண்டைக்குப் போய் உயிரோடு வீடு திரும்பியவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

நாவல் பட்டியல் இப்போது வேண்டாம். என்கவுன்டர் பற்றி: பிடித்து வைத்த ஆளைச் சுடுவது கொலை. எதிரே இருப்பவன் சுடும்போது திருப்பிச் சுடுவது வேறு. மலைக்கிராமத்து மக்களுக்கு அதிரடிப்படை செய்த கொடுமைகளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். உங்கள் அப்பாவின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட அது எனக்குத் தடையும் இல்லை.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பெற்ற அப்பாவிடம் கேட்கலாமா? விசாரணை அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி அது. அதைப் போய் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டு, பேச மாட்டேன் என்கிறார் என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். எழுந்து போகாமல் வேறு என்ன செய்வார்?

டிவி, ஃபேன், பேத்தி. இந்த மூன்றையும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த மூன்றும்தான் கடிதம். அவர் காதை யாராவது பார்த்தீர்களா?

துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ரைஃபிள் என்றால் 160-ஐக்கூடத் தாண்டலாம். உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்செல்கள் அதில் அழிந்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். குழந்தையின் குரல் அதில்தான் வருகிறது. மற்றவர்கள் பேசுவது கேட்கும், ஆனால் 'ச'வும் 'த'வும் பிரியாமல் கலங்கலாகக் கேட்கும். அதோடு காதுக்குள் ஓயாத ஓர் இரைச்சல், ராத்திரி ஊர் அடங்கியதும் பெரிதாகும். ஃபேன் சத்தம் அதை மூடிவிடும். குளிரில் அவர் ஏன் ஃபேன் போடுகிறார் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா?

கொண்டித்தோப்பில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஓர் ஏட்டு இருந்தார். அவரும் அதே காட்டில் இருந்தவர்தான். டீக்கடைக்கு வந்தால் பெஞ்சின் இடது கோடியில்தான் உட்காருவார். அங்கே ஆள் இருந்தால் நின்றுகொண்டே குடிப்பார். போலீஸ் திமிர் என்று தெருவே சொன்னது. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும். அந்தக் காது முதலில் போகும். இடது கோடியில் உட்கார்ந்தால் பேசுகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம் வந்துவிடுவார்கள், அவ்வளவுதான் விஷயம். அவர் மனைவிக்கே அது தெரியாது. கூப்பிட்டால் மதிப்பதில்லை என்று கடைசிவரை அழுதார் அந்த அம்மா.

அவர் என்னிடம் சண்டையைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று. நானாகக் கேட்டதில்லை. "சத்தமே கேக்கல தம்பி. மேலேருந்து எலை துண்டு துண்டா விழுந்துச்சு. அதப் பாத்துத்தான் சுடறாங்கன்னு தெரிஞ்சுச்சு." உயிர்பயத்தில் மூளை சத்தத்தை அடைத்துவிடுவது உண்டு. மூளை அடைத்தாலும் காது அடி வாங்கத்தான் செய்யும்.

என்கவுன்டர் மரணங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. சுட்ட காவலர் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காவலரின் குடும்பத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும், வேண்டுமென்றால் வழக்கறிஞர் உதவியும் மனநல ஆலோசனையும் தர வேண்டும் என்று அதே பட்டியலில் இருக்கிறது. யாராவது அதை மேற்கோள் காட்டிக் கேட்டிருக்கிறீர்களா? துப்பாக்கியைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது, காலித் தோட்டாவுக்குக் கணக்கு இருக்கிறது. துப்பாக்கியைப் பிடித்திருந்தவரின் காதைச் சோதிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் அப்பா காலத்தில் இந்த நெறிமுறைகள்கூட இல்லை. காட்டிலிருந்து திரும்பினால் மறுநாள் பந்தோபஸ்து டூட்டி.

நான் டாக்டர் இல்லை. காரணம் வெறும் வயசாகவும் இருக்கலாம், மனசாகவும் இருக்கலாம். சோதித்தால்தானே தெரியும்? சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். துப்பாக்கி பிடித்த வருஷங்களை டாக்டரிடம் சொல்லுங்கள். போன செவியை மீட்க முடியாது. காது மெஷின் வைத்தால் பேத்தியின் குரல் ஓரளவு திரும்பக் கிடைக்கலாம், இரைச்சலைச் சமாளிக்கவும் வழி சொல்வார்கள். வரமாட்டேன் என்பார். ஊனம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் சர்வீஸிலேயே ஊறியது, ஓய்வு பெற்றும் போகாது. கோபப்படாதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும், இத்தனை வருஷம் அவர் பட்ட வருத்தத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

நாவலின் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். ஆடியோகிராமில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.