மாலை வெயிலில் குடும்பப் படம்: கேள்வி பதில்

கேள்வி: சூரியன் மறையும் நேரத்தில் எடுத்தால் வானம் அழகாக வருகிறது, முகங்கள் கருத்துவிடுகின்றன. முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் வானம் வெளுத்துப்போகிறது.

பதில்: முதலில் வானத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) வையுங்கள். அப்புறம் ஆட்களுக்கு ஃபிளாஷ். ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்ட வேண்டாம். பல கேமராக்களில் அதற்கு மேல் போனால் படத்தில் கருப்புப் பட்டை விழும். ஃபிளாஷைப் பக்கவாட்டில், சற்று உயரத்தில், நன்றாகத் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். அதனால் கிட்டத்தில் வைத்தால் இந்த ஓரத்து மாமா பளபளப்பார், அந்த ஓரத்துப் பாட்டி இருட்டில் நிற்பார்.

ஃபிளாஷ் இல்லையா? சூரியன் மறைந்ததும் எல்லோரையும் அந்தத் திசையைப் பார்த்து நிற்க வையுங்கள். முகத்தில் மெல்லிய வெளிச்சம் சமமாக விழும், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும், யார் எங்கே என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: 9 பேர், 2 வரிசை. எஃப்/2.8-ல் (லென்ஸ் துவாரத்தை அகலமாகத் திறந்து) எடுத்தேன், பின்வரிசை மங்கல்.

பதில்: துவாரத்தைச் சுருக்கி எஃப்/5.6 அல்லது எஃப்/8 வையுங்கள். பின்வரிசையை முன்வரிசையோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்; அதனால் வரும் புள்ளிகளை எடிட்டிங்கில் குறைக்கலாம், மங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எப்போதும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்!

பதில்: இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவருக்கும் 2006-ல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) இதற்காகத்தான். எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று அறிய, 20 பேருக்குள் என்றால் ஆட்களின் எண்ணிக்கையை 3-ஆல் வகுங்கள். வெளிச்சம் குறைவென்றால் 2-ஆல். 9 பேருக்கு மாலையில் 5 படம். குழந்தைகள் இருந்தால் நான் 15 எடுப்பேன். ட்ரைபாடில் எடுத்தால் ஒரு படத்தின் முகத்தை இன்னொன்றில் பொருத்துவது எளிது.

கேள்வி: போனில் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. அகல லென்ஸ் மட்டும் வேண்டாம். ஓரத்தில் நிற்பவர் குண்டாகத் தெரிவார், அப்புறம் உங்களோடு பேச மாட்டார்.

கேள்வி: எடிட் செய்தால் எல்லோரும் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறார்கள்.

பதில்: ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) மாலை மஞ்சளைக் கழுவிவிடுகிறது, அதை மீட்கப் போய் நாம் அள்ளிக் கொட்டிவிடுகிறோம். ரா (RAW) கோப்பாக எடுத்து, எடிட்டிங்கில் நிற வெப்பநிலையை 5500 கெல்வினில் தொடங்குங்கள். எடிட்டிங்கில் முகங்களை மட்டும் தேர்ந்தெடுத்து (மாஸ்க் போட்டு) ஆரஞ்சின் அடர்த்தியைக் கொஞ்சம் குறையுங்கள். நிழல் பகுதிகளுக்கு வெளிச்சம் கூட்டும்போதும் கை அடக்கம் வேண்டும். பின்னால் இருக்கும் வானத்தைவிட முகம் பளிச்சென்றால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.