தம்பி, அந்தச் சாங்வொன் கம்பெனி விஷயம்

தென்கொரியாவில், பூசானில் எம்.எஸ். முடிக்கப் போகிறேன், பக்கத்துத் தொழில் நகரமான சாங்வொனில் 30 பேர் வேலை செய்கிற உதிரிபாகக் கம்பெனி கூப்பிடுகிறது, கொரியப் பசங்க யாரும் வருவதில்லை என்று முதலாளியே சொல்கிறார், இதில் ஏதும் வில்லங்கம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. நான் இந்த ஊருக்கு வந்து 11 வருஷம், முதல் 4 வருஷம் இதே மாதிரி ஒரு பட்டறையில்தான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே பெரியவர்களைக் கேட்டால் இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிர்பார்ப்பு அதிகம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் வேலை எங்கே என்பதுதான் இங்கே மிச்சத்தையும் முடிவு செய்கிறது. சின்னக் கம்பெனியில் சேர்ந்தவன் பிறகு பெரிய கம்பெனிக்குப் போவது அபூர்வம், சின்னக் கம்பெனியின் சராசரிச் சம்பளமோ பெரிய கம்பெனியில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் ஒரு வருஷம் வீட்டில் இருந்து வேலைக்கான பரீட்சைக்குப் படித்தாலும் பரவாயில்லை என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அப்புறம் ஊர். ஆபீஸ் வேலைக்காரர்கள் பாங்யோவைத் தாண்டியும், இன்ஜினியர்கள் கிஹூங்கைத் தாண்டியும் தெற்கே வர மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டுமே சியோலை ஒட்டிய இடங்கள். சாங்வொனோ சியோலிலிருந்து கேடிஎக்ஸ் என்கிற அதிவேக ரயிலிலேயே 3 மணி நேரம். 1974ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை பெரும்பாலும் இயந்திர வேலை என்பதால், படித்த பெண்கள் முதலில் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு பையன் திங்கட்கிழமை சேர்ந்தான். கார் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது, வாசலில் வருகிற டவுன் பஸ் 40 நிமிஷத்துக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் மற்ற கொரியர்கள் எல்லோரும் 50ஐத் தாண்டியவர்கள், மீதி நானும் ஈ-9 என்கிற தொழிலாளர் விசாவில் இலங்கையிலிருந்து வந்த இரண்டு தம்பிகளும். யாரோடு என்ன பேசுவது என்று தெரியாமல் சூப்பைக் குடித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். வியாழக்கிழமை வரவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. சம்பளம் கூட்டத்தான் நினைத்தார், ஆனால் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனி வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொன்னால் அவர் எங்கிருந்து கொடுப்பார்?

நீங்கள் சேரலாம். ஆனால் உங்களைப் போலப் படித்தவர்களுக்கு வேலைக்குத் தருகிற ஈ-7 விசா அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது, நினைத்தவுடன் மாற முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள், 30 வயதுக்குள் யாராவது 2 வருஷமாவது தாக்குப்பிடித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தங்க இடம் தருகிறோம் என்றால் அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.