கர்னல் டீபக்கரில் நினைவகம் காட்டும் கமாண்ட்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கும் பிழை தேடும் கருவியான கேடிபி டீபக்கரில், நினைவகத்தைக் காட்டும் 'எம்டி' கமாண்டின் நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எம்டி, எம்டிஎஸ், எம்டிபி, எம்டிஆர், எம்டி4சி20 எல்லாமே ஒரே ஃபங்ஷனுக்குள் பின்னிக் கிடக்கின்றன. எளிமையாக்கி பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எம்டிஆரிலிருந்து தொடங்குங்கள். மற்ற வடிவங்கள் வரிவரியாக அடுக்கிக் காட்டுபவை: எம்டிஎஸ் வரிக்கு ஒரு வேர்டு (ஒன்றாகப் படிக்கும் பைட் தொகுதி), மற்றவை வரிக்கு 16 பைட். எம்டிஆர் மட்டும், கேட்ட அளவு பைட்டுகளை இடைவெளியே இல்லாமல் கொட்டிவிடும். அதனால்தான் 'எம்டிகவுன்ட்' என்ற ஒரே மாறி ஓரிடத்தில் வரிகளின் எண்ணிக்கையாகவும் இன்னோரிடத்தில் பைட்டுகளின் எண்ணிக்கையாகவும் இருக்கிறது. படிப்பவரைத் தடுமாற வைப்பது இதுதான். எம்டிஆருக்குத் தனி ஃபங்ஷன் கொடுத்தால், 'ரா' என்ற ஃப்ளாகும் அதை ஒட்டிய இஃப்களும் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பிறகு கணக்கைச் சரிசெய்யுங்கள். இங்கே மூன்று அளவுகள் உண்டு: ஒரு வேர்டின் அகலம், காட்ட வேண்டிய வேர்டுகள், காட்ட வேண்டிய வரிகள். வரிகள் இயல்பாக 8. 64-பிட் கணினியில் அகலம் 8 பைட். ஆக, வெறும் எம்டி 128 பைட்டை, அதாவது 16 வேர்டுகளைக் காட்டும். எம்டி4சி5 என்றால் 4 பைட் அகலத்தில் 5 வேர்டுகள், மொத்தம் 20 பைட். அதோடு 15-ஐக் கூட்டி 16-ஆல் வகுத்தால் 2 வரி. நெடுங்காலமாக இருந்துவரும் நிரலில், வரியிலிருந்து வேர்டைக் கணக்கிடுவது மூன்று இடங்களில் வருகிறது. வேர்டிலிருந்து வரியைக் கணக்கிடுவது இரண்டு இடங்களில். முதலில் அகலத்தை முடிவு செய்து, சரிபார்த்து, அதன் பிறகு ஒரே இடத்தில் எண்ணிக்கையைக் கணக்கிடும்படி வரிசையை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, அகலத்தையும் எண்ணிக்கையையும் பிரித்தறியும் பகுதி. இதைச் சிறிய துணை ஃபங்ஷனாக்கி, எழுத்துகளை எண்ணாக மாற்ற சிம்பிள்_எஸ்டிஆர்டிஓயுஎல்-க்குப் பதில் கேஎஸ்டிஆர்டிஓயுஇன்ட் போடுங்கள். முன்னது எண் அளவு மீறினாலும் பேசாமல் இருக்கும். பின்னது பிழை சொல்லும். எம்டி0 என்று அடித்தால் போன முறை பயன்படுத்திய அகலத்தையே எடுத்துக்கொள்ளும் ஒரு வழியும் உள்ளே இருக்கிறது. அதை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் அது கமாண்டின் நடத்தையையே மாற்றுவதால் தனி பேட்சாக அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடித்த கமாண்டின் பெயர் செல்லுமா என்று பார்க்கும் 'வேலிட்' என்ற சோதனையைத் தேவையில்லை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். எம்டி1சி20 போன்றவை வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, கேடிபி முதல் எழுத்துகள் பொருந்தினாலே இந்த ஃபங்ஷனை அழைத்துவிடும். எம்டிக்குப் பின் உளறலாக எதை அடித்தாலும் இங்கேதான் வந்து சேரும். அப்படி ஒரு கமாண்ட் இல்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் இந்த ஃபங்ஷனுடையதுதான்.

கேள்வி: தவறாக எம்டி3 அடித்துவிட்டேன், அகலம் தவறு என்று பிழை வந்தது. அடுத்து முகவரி இல்லாமல் வெறும் எம்டி அடித்தாலும் அதே பிழை. ஏன்?

பதில்: அகலத்துக்கு 1, 2, 4, 8 மட்டுமே செல்லும், அதிலும் 8 என்பது 64-பிட்டில் மட்டும். ஆனால் நிரல் 3-ஐப் பார்த்ததும், செல்லுமா என்று சோதிப்பதற்கு முன்பே அதைக் 'கடைசியாகப் பயன்படுத்திய அகலம்' என்று ஸ்டாட்டிக் மாறியில் (ஃபங்ஷன் முடிந்த பிறகும் மதிப்பை வைத்திருக்கும் மாறி) எழுதிவிடுகிறது. முகவரி இல்லாத எம்டி அந்த மாறியைத்தான் எடுத்துக்கொள்கிறது. முகவரியோடு ஒரு முறை எம்டி அடித்தால் சரியாகிவிடும். நிரலில் செய்ய வேண்டியது: எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகே 'கடைசி' மாறிகளைத் தொடுவது. எம்டிஎஸ் தற்காலிகமாக மாற்றும் அகலத்தை அவற்றில் சேமிக்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

இதே வரிசைப் பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. அகலத்துக்கான சூழல் மாறியில் 0 வைத்துவிட்டு, சோதனைக்கு முன்பே அதனால் வகுத்தால் எக்ஸ்86 வகைச் செயலியில் டீபக்கருக்குள்ளேயே எக்ஸெப்ஷன் எழும். ஆர்ம்64 வகைச் செயலியில் விடை 0 என்று வந்து சத்தமில்லாமல் போய்விடும். ஒரு கணினியில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

கேள்வி: வரி எண்ணிக்கையாக 268435456 கொடுத்தேன். ஒன்றும் அச்சாகவில்லை, பிழையும் இல்லை. 'இன்ட்'டை 'அன்சைன்ட் இன்ட்' ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த எண் 2-இன் 28-ஆம் அடுக்கு. 16-ஆல் பெருக்கினால் 2-இன் 32-ஆம் அடுக்கு. 32 பிட்டில் மிஞ்சுவது 0. அன்சைன்டிலும் அதே 0-தான். எதிர்மறை எண்ணாக மாறிவிடும் தொல்லைக்குத்தான் அன்சைன்ட் மருந்து. இங்கே பெருக்கும் முன் ஓர் உச்சவரம்பு வைத்துச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பூச்சிய வரிகளை மறைக்கும் லூப்பையும் திருத்தலாமா?

பதில்: கடைசிக்கு வையுங்கள். தொடர்ந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிகள் முழுக்கப் பூச்சியமாக இருந்தால், முதல் வரியையும் கடைசி வரியையும் காட்டி, நடுவில் உள்ளதை மட்டும் அது மறைக்கிறது. லூப்பில் 2-ஐக் கழிப்பது அதற்காகத்தான்; கைமறதியாக 1 என்று மாற்றினால் கடைசி வரி காணாமல் போகும்.

கேள்வி: மாற்றிய பின் எப்படிச் சோதிப்பது?

பதில்: க்யூஇஎம்யு என்ற மெய்நிகர் கணினியில் சீரியல் கன்சோலோடு கர்னலை ஏற்றி, சிஸ்ஆர்க்யூ-ஜி என்ற கர்னல் விசைக் கட்டளை மூலம் கேடிபிக்குள் நுழையுங்கள். லினக்ஸ்_பேனர் என்ற சிம்பலை (கர்னலின் பதிப்பு வாசகம் இருக்கும் இடத்தின் பெயர்) முகவரியாகக் கொடுங்கள். எம்டி1சி16-இல் 'லினக்ஸ் வெர்ஷன்' என்பதன் ஆங்கில எழுத்துகளுக்கான பைட்டுகள் வரிசையாக வரும். லிட்டில் எண்டியன் கணினியில் (எண்ணின் கடைநிலை பைட்டை முதலில் வைப்பது) எம்டி8 அடித்தால் ஒவ்வொரு வேர்டுக்குள்ளும் பைட்டுகள் தலைகீழாகத் தெரியும். வலப்பக்க எழுத்துப் பத்தி மட்டும் நேராகவே இருக்க வேண்டும். எம்டி4சி5 அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்: அடுத்த காட்சி சரியாக 20 பைட் தள்ளித் தொடங்க வேண்டும். பழைய வெளியீட்டையும் புதியதையும் ஒப்பிடும்போது முகவரிப் பத்தியை விட்டுவிடுங்கள். கர்னலைத் திரும்பக் கட்டினால் முகவரிகள் மாறும்.